‘மிக அருமை’

அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. நீல மட்டை, எண்பது பக்கம். அல்பெர்கேரியாவில் சீனாக்காரர் ஒருவரின் கடையில் வாங்கியது. பொங்கல் விழாவுக்காக மண்டபத்தின் பக்கச் சுவரில் எங்கள் ஆட்கள் எடுத்த இயற்கைப் படங்களை மாட்டி, வாசலில் ஒரு ஸ்ரூலின் மேல் இந்தக் கொப்பியையும் ஒரு பேனையையும் வைத்திருந்தோம். ‘உங்கள் கருத்தை எழுதுங்கள்’ என்று மேலே ஒரு துண்டு ஒட்டியிருந்தது. இரவு மண்டபத்தைக் கூட்டிக் கழுவிய பிறகு இருந்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 63 பேர் எழுதியிருந்தார்கள். அதில் ‘மிக அருமை’ 41. ‘வாழ்த்துகள், தொடருங்கள்’ 12. ‘சூப்பர்’ 9. மிச்சம் ஒன்று. அது ஒரு குழந்தை இத்தாலிய மொழியில் எழுத்துப் பிழையோடு எழுதியது: இந்தக் குருவிகளின் அம்மா எங்கே?

அந்த 41இல் ஒன்று என்னுடைய கையெழுத்து.

குழந்தை எந்தப் படத்தைக் கேட்டது என்று தேடவேண்டியிருக்கவில்லை. அன்று எல்லோரும் நின்று பார்த்த படம் அதுதான். ஒரு கார்டெல்லினோக் கூடு. நாலு குஞ்சுகள் கமராவைப் பார்த்து வாயைப் பிளந்தபடி. தொண்டைச் சிவப்பு வரை துல்லியம். பின்னணியில் எந்தக் குழப்பமும் இல்லாத மங்கல் பச்சை. கீழே எடுத்த இடம் அச்சாகியிருந்தது: ஓரெத்தோ ஆற்றங்கரை, எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் என்பது வரைக்கும். எடுத்தவர் இருபத்தாறு வயதுப் பெடியன். கிழமையில் ஆறு நாள் படி கழுவுகிறவர். தவணைக்கு வாங்கிய கமரா. முதன்முதலாக நாலு பேர் பார்க்கத் தொங்கிய படம்.

கூட்டைச் சுற்றி மூன்று இடங்களில் சின்னக் கொப்புகளின் வெட்டுமுகம் வெள்ளையாகத் தெரிந்தது. காற்று முறித்த கொப்பு அப்படி இருக்காது. கத்தரிக்கோல் பட்டிருக்கிறது. எனக்கு அது பார்த்தவுடனேயே விளங்கியது. விளங்கிய பிறகுதான் பேனையை எடுத்து ‘மிக அருமை’ என்று எழுதினேன்.

பலெர்மோவுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். கார்டெல்லினோ சிவந்த முகமும் சிறகில் மஞ்சள் பட்டையும் கொண்ட சின்னக் குருவி. இனிமையாகப் பாடும். அதுதான் அதற்குப் பிடித்த சனி. ரஃபாயேலின் புகழ்பெற்ற ஓவியமொன்றில் குழந்தைகள் இருவரின் கைகளுக்கு நடுவே இருப்பதும் இந்தக் குருவிதான். இத்தாலியில் இதைக் காட்டிலிருந்து பிடிக்கவோ விற்கவோ கூடாது. 1992ஆம் ஆண்டின் 157ஆம் இலக்கச் சட்டம் முட்டையை, கூட்டை, குஞ்சை எடுப்பதையும் தடுக்கிறது. ஆனால் எங்கள் அல்பெர்கேரியாவின் நடுவே ஓடும் பல்லாரோச் சந்தை, பிடிபட்ட கார்டெல்லினோக்கள் விலைபோகும் இடமாக நாடு முழுக்கப் பேர்பெற்றது. கரபினியேரிகளும் பறவைக் காப்பு அமைப்பான லிபுவின் ஆட்களும் எத்தனையோ முறை வந்து கூண்டுகளைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். பிறகும் விற்பனை நடக்கிறது. நாங்கள் மரக்கறி வாங்குகிற, கத்தரிக்காய்க்கு விலை பேசுகிற அதே சந்தை. படம் தொங்கிய சுவருக்கும் அதற்கும் ஐந்து நிமிட நடை. கூடு எங்கே இருக்கிறது என்று அச்சடித்து அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தோம்.

சில கிழமைகள் கழித்துத் தம்பியைத் தேநீருக்குக் கூப்பிட்டேன். மனம் அரித்துக்கொண்டிருந்தது. சுற்றி வளைத்துத்தான் தொடங்கினேன்.

“தம்பி, அந்தக் கொப்பு வெட்டினது...”

“ஓம் அண்ணை, நான்தான் வெட்டினனான். போன வருசம் ஒராள் என்ரை படத்தைப் பாத்திட்டு, பின்னணி குழம்பிக் கிடக்கு, சுத்தமா இருக்கவேணும் எண்டு சொன்னவர். அதுதான்.”

“பேந்து அந்தக் கூட்டை போய்ப் பாத்தனியோ?”

“மூண்டு நாள் கழிச்சுப் போனன். ஒண்டும் இல்லை. வெறுங்கூடு.” கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிழையெண்டால் நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை. நீங்களும் கொப்பியிலை அருமை எண்டு எழுதினனீங்கள்தானே?”

வெறுங்கூட்டுக்குக் காரணம் என்னவென்று யாராலும் சொல்லமுடியாது. இலை மறைப்புப் போன கூட்டில் சிசிலியின் மே மாத வெயில் நேராக இறங்கும். இறகு முளைக்காத குஞ்சுக்கு அது போதும். மறைப்பு இல்லாத கூடு காகத்துக்கும் மக்பை இனத்துக்கும் விரித்துவைத்த இலை. மனிதக் கையும் வந்திருக்கலாம். எது நடந்திருந்தாலும் கத்தரிக்கோலின் பங்கு அதில் இருக்கிறது. அந்தக் கத்தரிக்கோலைத் தம்பியின் கையில் கொடுத்தது ஒரு கருத்து. அதைப் பாராட்டியது 62 கருத்துகள்.

இந்த இரண்டையும் பற்றித்தான் எனக்குச் சண்டை பிடிக்கவேண்டியிருக்கிறது.

முதலில் ‘அருமை’க்காரர்கள். நானும் அதில் ஒருவன் என்பதால் அவர்களுடைய நியாயம் எனக்குத் தெரியும். “நாள் முழுக்க யாரோ வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு வருகிறான். கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சீட்டு விளையாடாமல், குடிக்காமல் ஒரு குருவியைப் பார்க்கப் போகிறான். அதிலும் பிழை பிடிக்கவா?” கேட்க நல்ல மனம்போலத் தெரியும். ஆனால் அவன் வேலைசெய்கிற வீட்டுச் சீமாட்டியைப் பாருங்கள். படியின் மூலையில் ஒரு கறை மிஞ்சினால் கூப்பிட்டுக் காட்டுவாள். அவனால் அதைச் சரியாகச் செய்யமுடியும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் எதிர்பார்க்கிறாள். நாங்களோ அவனுடைய ஒரேயொரு சொந்த வேலையைப் பார்த்துவிட்டு, குழந்தை கிறுக்கிய சித்திரத்துக்குச் சொல்வதைச் சொல்லிவிட்டுக் கொத்துரொட்டி சாப்பிடப் போகிறோம். எது மரியாதை?

இன்னொரு நியாயமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு படத்தில் குறையொன்றைச் சொன்னால் அடுத்த நாள் கேள்வி படத்தைப் பற்றி வராது. “அவர் ஏன் அப்படிச் சொன்னவர்? அவர் எந்தப் பக்கம்? எந்த ஊர்? முந்தி எதிலை இருந்தவர்?” என்றுதான் வரும். விமர்சனம் செய்தவன் உயிரோடு மிஞ்சாத காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. அப்போது வாயை மூடப் பழகியவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானும் மூடிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். ஆனால் முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்தப் பயத்தை ஒரு குருவிப் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதென்றால்? நக்கீரரைப் பள்ளிக்கூட நாடகத்தில் வேட்டி கட்டி நிறுத்திக் கைதட்டுகிறோம். இடித்துச் சொல்வதும் நட்பின் கடமை என்ற குறளுக்குப் பிள்ளைகளைப் பேச்சுப்போட்டியில் மனப்பாடம் பண்ண வைத்துப் பரிசு கொடுக்கிறோம்.

நாங்கள் வாழ்கிற நகரம் இதில் எங்களைவிட எவ்வளவோ மேல். மாஃபியாக் கொலைகளைப் படம் பிடித்துப் பலெர்மோவின் மனச்சாட்சி என்று பெயரெடுத்தவர் லெத்தீசியா பத்தாலியா. சீசாவில் 2017இல் ஒளிப்பட மையம் ஒன்றைத் திறந்தவர். 2020 நவம்பரில் லம்போர்கினி கார் நிறுவனத்துக்காக அவர் எடுத்த படங்கள் வெளிவந்தபோது, சிறுமிகளை மஞ்சள் காரின் முன்னால் நிறுத்தியது சரியா என்று இந்த ஊரே அவரோடு வாதாடியது. மேயர் அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொன்னார். அவர் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னார். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் பட்டது, வயதுக்காகவோ புகழுக்காகவோ அவருடைய படத்தை ‘அருமை’ என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை என்பதுதான். 2022இல் அவர் இறந்தபோது அவருக்காக அழுததும் இதே நகரம்.

அடுத்தவர்கள் ‘பின்னணி’க்காரர்கள். இவர்கள் ‘அருமை’ சொல்லமாட்டார்கள். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் படித்தவர்கள். சட்டத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுவார்கள். கண்ணில் ஒளிப்பொட்டு இருக்கிறதா, தலை கமராவின் பக்கம் திரும்பியிருக்கிறதா, இறக்கை நுனி வெட்டுப்பட்டிருக்கிறதா, பின்னணி வெண்ணெய்போல இருக்கிறதா என்று பட்டியல் வைத்திருப்பார்கள். இவை எல்லாம் பிழையான விஷயங்கள் என்று நான் சொல்லவரவில்லை. தரையில் நிற்கிற பறவையை நின்றபடி மேலிருந்து எடுக்காதே, வயிறு மண்ணில் படப் படுத்து அதன் கண்மட்டத்திலிருந்து எடு என்று எனக்கு ஒருவர் சொன்னார்; அந்த ஒரு வசனம் என் படங்களை மாற்றியது. ஆனால் இவர்களுடைய கண் சட்டத்தின் நாலு விளிம்போடு நின்றுவிடுகிறது. அந்த விளிம்புக்கு வெளியே ஒரு தாய்க்குருவி அலகில் தீனியோடு, மனிதன் எப்போது எழும்பிப் போவான் என்று இன்னொரு கொப்பில் காத்திருப்பது பட்டியலில் இல்லை. “பின்னணியைச் சுத்தமாக்கு” என்று சொன்னவர் கத்தரிக்கோலை நினைத்திருக்கமாட்டார். லென்ஸின் துவாரத்தைப் பெரிதாகத் திற, நீ நிற்கும் இடத்தை மாற்று என்றுதான் நினைத்திருப்பார். அதைச் சொல்லவில்லை. எப்படி எடுத்தாய் என்றும் கேட்கவில்லை.

உலகத்தின் மிகப் பெரிய நடுவர் குழுவுக்கும் இது நடந்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்கு ஒளிப்படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்றது ஸ்பெயினைச் சேர்ந்த ஹோசே லூயிஸ் ரொட்ரிகெஸ் எடுத்த படம்: இரவில் ஒரு ஓநாய் மரப்படலையைப் பாய்ந்து தாண்டுகிறது. ஒளி, அசைவு, சட்டம் எல்லாம் பிசகில்லாதவை. பத்தாயிரம் பவுண் பரிசு. அதன் பிறகு ஸ்பெயினின் சக ஒளிப்படக்காரர்கள் சிலர் ஓநாயைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். காட்டு ஓநாய் படலையின் இடைவெளிக்குள்ளால் நுழைந்து போகாமல் ஏன் பாய்கிறது? இந்த முகத்தை மட்ரிட்டுக்கு அருகே ஒரு விலங்குப் பூங்காவில் பார்த்திருக்கிறோமே? 2010 ஜனவரியில், அது பழக்கப்படுத்தப்பட்ட விலங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவுசெய்து பரிசைப் பறித்தார்கள். ரொட்ரிகெஸ் அதை மறுத்தார். 2018இலும் இப்படி ஒன்று: பிரேசிலில் எடுக்கப்பட்டு முந்தைய ஆண்டு பரிசு வாங்கிய எறும்புதின்னிப் படத்தில் இருப்பது பாடம்பண்ணிய உடல் என்று அறிவியலாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அந்த ஒளிப்படக்காரரும் மறுத்தார். சட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டு படத்திலும் குறை தெரியவில்லை. விலங்கைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

எங்கள் மொழிக்கு இது புதுப் பாடமும் இல்லை. அகநானூற்றின் நாலாவது பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைத் தேரில் வீட்டுக்கு அனுப்புகிறார். பூவில் தேன் குடிக்கும் வண்டுகள் கலங்கிவிடும் என்று அஞ்சி அவன் தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிறான். பிரிந்திருந்த பெண்ணிடம் போகிறவன், அவசரத்தில் இருக்கிறவன். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போய், யாலவில் ஒரு சிறுத்தையை இருபது ஜீப்புகள் வளைத்துநிற்க, அதில் ஒன்றின் மேல் ஏறி நின்று எடுத்த படத்தை நாங்கள் சட்டம்போட்டு வீட்டு மண்டபத்தில் மாட்டுகிறோம். வருகிறவர்கள் ‘எவ்வளவு கிட்ட!’ என்கிறார்கள். எவ்வளவு கிட்ட என்பது பாராட்டாக மாறியதுதான் பிழை தொடங்கிய இடம் என்று நான் நினைக்கிறேன்.

சென்னையில் இருந்த மா. கிருஷ்ணனை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 தொடங்கி 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். பல பாகங்களை ஒன்றுசேர்த்துக் கட்டிய ஒரு பாரமான கமராவோடு கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். இன்றைய ‘பின்னணி’க்காரரிடம் அந்தப் படங்களைக் கொடுத்தால் பாதியை வெட்டிவிடுவார்: மூங்கில் குறுக்கே நிற்கிறது, புல் காலை மறைக்கிறது, கொப்பு தலையில் முட்டுகிறது. யானை அங்கேதான் வாழ்கிறது. மூங்கிலைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் உருவப்படம். அதைச் சர்க்கஸிலும் எடுக்கலாம்.

தம்பியின் படத்துக்கும் இதுவே பொருந்தும். கார்டெல்லினோ என்ற பெயர் கார்தோ என்ற முட்செடியிலிருந்து வந்தது; அந்த முட்பூவின் விதையைக் கொத்தித் தின்னும் குருவி. கூட்டை விட்டுவிட்டு, நாற்பது அடி தள்ளி, காய்ந்த முட்செடிக் கூட்டத்துக்கு எதிரே ஒரு காலை முழுக்க அசையாமல் இருந்திருந்தால், குருவி தானாக வந்து நின்றிருக்கும். பஞ்சு பறக்கும், முள் தெரியும், சிவந்த முகம் அதன் நடுவே இருக்கும். பின்னணி குழம்பித்தான் இருக்கும். அந்தக் குழப்பம்தான் அதன் வீடு. அன்று கொப்பியில் நான் எழுதியிருக்கவேண்டியது இதுதான். பொறுமையும் கையும் உனக்கு இருக்கிறது, குஞ்சின் தொண்டையில் குவியம் நின்ற விதத்தில் அது தெரிகிறது என்றும் சேர்த்து எழுதியிருக்கவேண்டும். அது பொய்யில்லாத பாராட்டு. அதற்கு முதல் கேட்டிருக்கவேண்டியவை: எவ்வளவு தூரத்தில் நின்றாய்? எவ்வளவு நேரம்? தாய் திரும்பி வந்ததா? இடத்தின் பெயரை ஏன் போட்டாய்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை ஒளியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பேச எதுவும் இல்லை. இந்தியாவில் பல போட்டிகள் கூட்டுப் படங்களையே எடுப்பதில்லை. பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் உள்ள அரிய பறவைகளைக் கூட்டில் வைத்து எடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி இல்லாமல் தொந்தரவு செய்தால் வழக்கு.

இப்படிக் கேட்டால் ஆட்கள் மனம் விட்டுப்போய்க் கமராவைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்று விழாக் குழுவில் ஒருவர் சொன்னார். சிலர் வைக்கத்தான் செய்வார்கள். தம்பி வைக்கவில்லை. அன்று தேநீர் ஆறிப்போக இரண்டு மணித்தியாலம் இருந்தார். போகும்போது கோபத்தோடுதான் போனார். இரண்டு மாதம் சந்தையில் கண்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஒருநாள் பின்னேரம் மடிக்கணினியோடு படியேறி வந்து, “அண்ணை, இதைப் பாத்துச் சொல்லுங்கோ, ஆனா அருமை எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ” என்றார். முட்செடி. குருவி கொஞ்சம் சின்னதாகத்தான் விழுந்திருந்தது. ஒரு காலை மட்டுமில்லை, நாலு ஞாயிறு போயிருக்கிறார். நான் வெள்ளைப் பஞ்சு ஒளியில் வெந்துபோயிருப்பதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

எழுந்து போகும்போது என் வரவேற்பறைச் சுவரின் முன் நின்றார். அங்கே திராப்பனி உப்பளத்தில் நான் எடுத்த பெரிய படம் பதினொரு வருடமாகத் தொங்குகிறது. முப்பது நாற்பது பூநாரைகள் ஒரே நேரத்தில் நீரிலிருந்து எழும்புகின்றன. இறக்கைகளின் உள்ளே இருந்த சிவப்பெல்லாம் விரிந்து தெரிகிறது. வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்த படம். என்னுடைய பெயரே அந்தப் படத்தால்தான்.

“அண்ணை,” என்றார், “இதுகள் ஏன் எல்லாம் ஒண்டா எழும்பினதுகள்?”

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நான் கை தட்டினேன் என்று சொன்னேன்.